கறுப்புக் கிரேயான்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குப் பல்லடம் பக்கம். விசைத்தறி வைத்திருக்கிறோம். என் அப்பா தை மாதம் தவறிவிட்டார். ஏழு வயது மகளுக்கு அப்புச்சி என்றால் உயிர். ஆனால் சாவு வீட்டில் அவள் அழவில்லை. அன்றிலிருந்து அதிகம் பேசுவதும் இல்லை. பெட்டியிலிருந்து கறுப்புக் கிரேயானை மட்டும் எடுத்துப் பக்கம் பக்கமாகத் தேய்க்கிறாள். கறுப்பு மன அழுத்தத்தின் அடையாளம், ஓவியச் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள் என்கிறார் பள்ளி ஆசிரியை. டிராயிங் கிளாஸில் சேர்த்தால் போதும் என்கிறார் நாத்தனார். இரண்டும் ஒன்றா? ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். முழுக்கக் கறுப்பு, கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் வெள்ளை. அது என்னவாக இருக்கும்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மணிக்கு,

குழந்தைகளின் நிறங்களுக்கு அகராதி கிடையாது. இதை நான் அசடு வழிந்து கற்றுக்கொண்டவன். இருபது வருடங்களுக்கு முன்பு திருப்பூரில், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளோடு மாலை வேளைகளில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். அட்டைப்பெட்டியைக் கிழித்தால் அதுதான் காகிதம். ஒரு பையன் ஆற்றை ரத்தச் சிவப்பில் வரைந்தான். அடுத்த நாள் ஊதா. இரண்டு புத்தகம் படித்திருந்த கர்வத்தில், வீட்டில் ஏதோ நடக்கிறது என்று முடிவுகட்டி அவன் அம்மாவை அழைத்துவிட்டேன். செக்கிங் வேலை முடித்துக் களைத்து வந்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நொய்யல்” என்றார். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிடுவதற்கு முந்தைய காலம் அது. பட்டறையில் அன்றைக்கு என்ன சாயமோ, ஆற்றில் அந்த நிறம். பையன் கண்ணால் கண்டதை வரைந்திருந்தான். நீல ஆற்றை எதிர்பார்த்தவன் நான் ஒருவன்தான்.

உங்கள் மகளின் கறுப்பு துக்கமாக இருக்கலாம். வெள்ளைக் காகிதத்தில் நன்றாகப் பதிகிற நிறம் என்பதாகவும் இருக்கலாம். தேய்க்கத் தேய்க்கக் கைக்குக் கிடைக்கிற இதமாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்து நோய் சொல்ல முடியாது.

டிராயிங் கிளாஸ் கெட்டதல்ல. ஆனால் அங்கே முக்கியம் படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, ஆண்டு விழாவில் ஒரு கோப்பை. சிகிச்சையில் முக்கியம் வரைகிற கையும் பக்கத்தில் இருக்கிற ஆளும். படத்தை முடித்துக் கிழித்துப் போட்டாலும் அங்கே நஷ்டமில்லை.

ஓவியச் சிகிச்சை என்ற பெயர் பிறந்ததே ஒரு சானடோரியத்தில்தான், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தில். பெருந்துறைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்து ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய்க்காகப் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தன்னைத் தேற்றிக்கொண்டார். மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். 1942இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். என் மனம் போவது அவரைவிட ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸிடம். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசின் முகாமில், கையில் கிடைத்த பழைய தாளில் குழந்தைகளை வரையவைத்தவர். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போகும் முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்திருந்தார். அவை இன்று ப்ராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இல்லை. முகாமுக்கு முன்பே பிராண்டைஸிடம் படித்த ஈடித் கிராமர் பின்னாளில் நியூயார்க்கில் இந்தச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார்.

நமக்கும் இது அந்நியமல்ல. உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் போயிருப்பீர்கள். மாட்டுக்கு நோவு என்றால் மண்ணில் மாட்டு உருவாரம் வாங்கிக் கொண்டுபோய் வைப்பார்கள். நெஞ்சில் கிடப்பதை ஓர் உருவமாக்கி வெளியே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவது. அதைச் சிகிச்சை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிள்ளைகளின் ஞாபகம்தான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தினமும் அரை மணி நேரம், தறிச் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து, அவள் பக்கத்தில் நீங்களும் ஒரு தாளோடு உட்காருங்கள். போன் உள்ளே இருக்கட்டும். “என்ன இது?” என்று கேட்காதீர்கள், “ரொம்ப அழகு” என்றும் வேண்டாம், நாளை முதல் உங்களுக்காக அழகாக வரைவாள். “நிறைய அழுத்தித் தேய்த்திருக்கிறாய்” என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். நீங்கள் கண்ணை மூடி ஒரு கிறுக்கல் போடுங்கள், அவள் அதை எதுவாகவாவது மாற்றட்டும். பிறகு அவள் கிறுக்கலை நீங்கள். முயலோ முருங்கைக்காயோ வரட்டும். மண்ணும் கொடுங்கள், பிசையட்டும்.

இன்னொன்று. சாவு வீட்டில் சிறுசுகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், “அப்புச்சி தூங்குகிறார்” என்போம். அப்புறம் அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும். அப்படி ஏதும் சொல்லியிருந்தால் திருத்திச் சொல்லிவிடுங்கள்: அப்புச்சி இறந்துவிட்டார், இனி வர மாட்டார், அதற்கு நீ காரணமில்லை. அவள் முன்னால் நீங்கள் அழுதாலும் தவறில்லை.

சாப்பாடும் தூக்கமும் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பினால், பேச்சு இன்னும் குறைந்தால், காத்திருக்க வேண்டாம். அப்புச்சியிடம் போகிறேன் என்றோ சாக வேண்டும் என்றோ சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) இலவசமாகப் பேசலாம். ஓவியச் சிகிச்சை என்று பலகை மாட்டியவரிடம் போவதற்கு முன் ஒரு மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். படத்தில் யாரோ அவளைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் துருவிக் கேட்காதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

கடைசியாக அந்த வெள்ளைக் கட்டம். எனக்கு அனுப்பும் முன் அவளிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அது அவளுடைய படம். ஆகவே கட்டம் எதுவென்று நான் ஊகிக்கப் போவதில்லை, பக்கத்தை மூடிவிட்டேன். இந்த வேகத்தில் கறுப்பு இந்நேரம் துண்டாகியிருக்கும். நம் ஊர்க் கடைகளில் அது தனியாகக் கிடைக்காது, இன்னொரு பெட்டி முழுதாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.