விவசாய விமானத்தின் ஜி.பி.எஸ். வழிகாட்டியில் எந்தெந்த அமைப்புகளைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்?

நான் விமானி இல்லை. ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில் இரண்டு சீசன் தரைப்பணியில் இருந்தேன். தொட்டியில் மருந்தோ விதையோ ஏற்றுவது, அன்றைய வயல் வரைபடங்களைக் கருவியில் போடுவது, விமானி சொல்லும் எண்களை அமைத்து வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. சாட்லாக், ஏஜி-நாவ், டிராக்மேப் என்று கருவி எதுவானாலும் மெனுதான் மாறும், பார்க்க வேண்டியவை அதேதான்.

முதலாவது பட்டை அகலம். ஒரு ஓட்டத்தில், அதாவது வயலின் மேல் ஒரு முறை நேராகப் பறக்கும்போது, எவ்வளவு அகலத்துக்குச் சீராக விழுகிறது என்ற கணக்கு இது. இதை வைத்துத்தான் விமானி பறக்க வேண்டிய இணைகோடுகளைக் கருவி போடுகிறது. இறக்கை நீளத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. பறக்கும் பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி, சாயத்தண்ணீரைத் தெளித்து, நூலில் எங்கே எவ்வளவு படிந்திருக்கிறது என்று அளந்துதான் முடிவு செய்வார்கள். ஒரே விமானத்துக்கு மருந்துக்கு ஓர் அகலம், விதைக்கு வேறு அகலம்.

இதில்தான் நான் கோட்டை விட்டேன். அங்கே அக்டோபரில், தண்ணீர் கட்டிய வயலில் முளைகட்டிய நெல்லை விமானத்திலிருந்தே விதைப்பார்கள். (நம் ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்?) முந்தைய நாள் மருந்து அடித்தபோது போட்ட 20 மீட்டரை மாற்ற மறந்துவிட்டேன். விதைக்கு எங்களுடையது 15. அன்று யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துச் சாலையில் போகும்போது பார்த்தால், வயல் முழுக்கப் பச்சை, இடையிடையே 5 மீட்டருக்குப் பயிர் அடர்த்தியில்லாமல் கிடக்கிறது. அதற்கப்புறம் திரைக்குக் கீழே பேப்பர் டேப் ஒட்டி, அன்றைய அகலத்தை மார்க்கரில் எழுதும் பழக்கம் வந்தது.

அடுத்து அலகுகள். ஹெக்டேருக்கு 30 லிட்டர், வேகம் மணிக்கு 240 கி.மீ., அகலம் 20 மீட்டர் என்றால், மூன்றையும் பெருக்கி 600-ஆல் வகுங்கள். நிமிடத்துக்கு 240 லிட்டர் வரும். திரையில் வேறு எண் தெரிந்தால் கருவி கேலன், ஏக்கரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏக்கருக்கு ஒரு அமெரிக்க கேலன் என்பது ஹெக்டேருக்கு 9.35 லிட்டர்.

வால்வு தாமதத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அந்த வேகத்தில் விமானம் நொடிக்கு 67 மீட்டர் போகும். மருந்து வர அரை நொடி தாமதமானால் வயலின் தொடக்கத்தில் 33 மீட்டர் காய்ந்தே கிடக்கும். திறக்க ஒன்று, மூட ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும்.

ஓட்ட முறையை, அதாவது அடுத்தடுத்த கோடா சுற்றி வருவதா என்பதை, விமானியிடமே விட்டுவிடுங்கள். காற்றுக்குக் குறுக்காகக் கோடு போட்டு, காற்று போய்ச் சேரும் ஓரத்தில் ஆரம்பித்தால் அவர் தெளித்த மருந்துக்குள் அவரே பறக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, விமானத்தின் மூக்கின் மேல் இருக்கும் விளக்குப்பட்டை. கோட்டிலிருந்து எவ்வளவு விலகினால் அடுத்த விளக்கு எரிய வேண்டும் என்பதும் ஓர் அமைப்புதான். ரொம்ப நுணுக்கமாக வைத்தால் விளக்குகள் சும்மா தாவிக்கொண்டே இருக்கும். எங்கள் விமானி ஒரு நாள் இறங்கி வந்து, “பயிருக்கு மூன்று மீட்டர் மேலே பறக்கிறேன், மின்கம்பியைப் பார்ப்பேனா, உன் விளக்கு ஆடுவதைப் பார்ப்பேனா?” என்று கேட்டார். அன்றே ஒரு படி தளர்த்தி வைத்தேன்.