டான்யூப் கரையில் மேற்கு நோக்கி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் கணவரும் ஐம்பதைக் கடந்தவர்கள், நாள்தோறும் சைக்கிள் மிதிக்கும் பழக்கம் உண்டு. வரும் ஜூன் மாதம் வியன்னாவில் இறங்கி, டான்யூப் கரை வழியே ஜெர்மனியில் உள்ள பாசாவ் வரை சைக்கிளில் சென்று, அங்கிருந்து மியூனிக்கில் உள்ள மகன் வீட்டுக்கு ரயிலில் போக விரும்புகிறோம். எல்லோரும் பாசாவிலிருந்து வியன்னாவுக்குத்தான் போகிறார்களாம். ஆற்றின் போக்குக்கு எதிராகச் செல்வது எங்களால் இயலாத காரியமா?

பதில்: தாராளமாக இயலும். ஆற்றுக்கு எதிர்த்திசை என்றதும் மேடேற வேண்டியிருக்குமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். வியன்னா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திலும், பாசாவ் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே பாதையின் நீளமோ 300 கிலோமீட்டருக்கும் அதிகம். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட வராத இந்த ஏற்றம் கால்களுக்குத் தெரியாது.

உங்களை உண்மையில் எதிர்க்கப்போவது காற்று. நாம் கோடைக்காற்று என்று சொல்லும் மேற்கத்திக் காற்றுதான் இந்தப் பள்ளத்தாக்கில் மிகுதியாக வீசுகிறது. பிற்பகலில் அது வலுப்பதுண்டு என்பதால், காலை ஆறரை மணிக்கே புறப்பட்டு, அன்றைய தொலைவில் பெரும்பகுதியை நண்பகலுக்கு முன் முடித்துவிடுங்கள். மேற்கு நோக்கிச் செல்பவருக்குக் காலை வெயில் முதுகில்தான் விழும் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை. துல்ன் நகருக்கும் கிரெம்ஸுக்கும் இடையிலும், கிரைன் நகரிலிருந்து மௌட்ஹவுசன் வரையிலும் நிலம் அகன்று திறந்து கிடப்பதால் காற்றுக்கு மறைப்பு இல்லை. அந்தப் பகுதிகளை மட்டும் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சைக்கிள் பாதையின் பல பகுதிகள் பழைய படகிழுப்புப் பாதைகளின் மேல் அமைந்தவை. நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன், கீழ்நோக்கிச் செல்லும் படகுகளை நீரோட்டமே கொண்டு சென்றது. அவற்றுக்குக் கரையில் பாதை தேவைப்படவில்லை. தானியமும் மதுவும் ஏற்றி மேல்நோக்கி வந்த படகுகளைத்தான் பல பத்துக் குதிரைகள் வடம் பூட்டிக் கரையிலிருந்து இழுத்தன. ஆகவே இந்தப் பாதை எதிரேறுவோருக்காகவே பிறந்த பாதை. வழக்கத்துக்கு மாறான திசை என்று நீங்கள் தயங்குவதுதான் அதன் பழைய திசை.

கேள்வி: எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எந்தக் கரையில் செல்வது நல்லது?

பதில்: ஏழு நாள்கள் ஒதுக்குங்கள். துல்ன், கிரெம்ஸ், மெல்க், கிரைன், லின்ஸ், ஷ்லோகன், பாசாவ் என்று இரவுத் தங்கல்களை அமைத்தால், கிரைன்–லின்ஸ் நாள் ஒன்று மட்டுமே சற்று நீளும். காற்று மிகக் கடுமையாக இருக்கும் நாளில் மெல்க் போன்ற நிலையங்களில் வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். விரைவு ரயில்களில் சைக்கிளுக்கும் முன்பதிவு வேண்டும்.

கரையைப் பொறுத்தவரை, கிரெம்ஸுக்கும் மெல்க்குக்கும் இடைப்பட்ட வாஹாவ் பள்ளத்தாக்கில் தென்கரையைப் பரிந்துரைக்கிறேன். ஆஸ்திரியா சாலையில் வலப்பக்கமாகச் செல்லும் நாடு என்பதால், மேற்கு நோக்கித் தென்கரையில் போகும்போது ஆறு உங்கள் வலக்கைப் பக்கம், மறைப்பின்றி இருக்கும். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு 1192-இல் சிறைப்பட்ட டியூர்ன்ஷ்டைன் கோட்டையின் இடிபாடுகளும் படிக்கட்டு போன்ற திராட்சைத் தோட்டங்களும் எதிர்க்கரையில் முழுதாகத் தெரியும். அணைகளில் தேங்காமல் ஆறு தன் வேகத்தில் ஓடும் பகுதி இது. எதிரேறிப் போகிறோம் என்பதை இங்கேதான் கண்ணால் காண்பீர்கள். ஷ்பிட்ஸ் ஊரில் வடத்தில் கட்டப்பட்டு, நீரோட்டத்தின் விசையாலேயே கரை மாறும் படகு ஒன்று உண்டு. அதில் ஒருமுறை ஏறாமல் வராதீர்கள்.

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் பாசாவில் தொடங்குவதால், நூலைப் பின்னிருந்து படிப்பதைவிட வரைபடத்தை நம்புங்கள். பிறர் பதிந்த ஜிபிஎஸ் தடத்தைத் திருப்பிப் பயன்படுத்தினால், ஊர்களுக்குள் ஒருவழித் தெருக்களில் எதிராக நுழைய நேரிடும். அத்தகைய இடங்களை முந்தைய இரவே சரிபார்த்துவிடுங்கள். ஓரிடத்தில் எடுத்த வாடகைச் சைக்கிளை வேறிடத்தில் விடும் ஏற்பாடு வியன்னா–பாசாவ் திசைக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நாள் போதாவிட்டால் லின்ஸிலேயே முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், நாள் குறைந்தால் தொடக்கத்தில் குறையுங்கள். வியன்னாவிலிருந்து துல்ன் வரை ரயிலில் வந்துவிடலாம். லின்ஸுக்கு மேலேதான் ஷ்லோகன் வளைவு இருக்கிறது. காடு மூடிய குன்றைச் சுற்றி ஆறு ஏறத்தாழ வந்த திசைக்கே திரும்பிவிடும் இடம் அது. அங்கே வடகரைப் பாதை அறுந்துபோவதால் படகில் கடக்க வேண்டும், படகின் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள். கரையோரக் கிலோமீட்டர் பலகைகள் கருங்கடல் முகத்துவாரத்தில் உள்ள சுலினாவிலிருந்து எண்ணப்படுபவை. வியன்னாவில் 1,930-ஐ ஒட்டியிருந்த எண் உங்களுக்கு நாள்தோறும் ஏறிக்கொண்டே வந்து, 2,225-ஐ நெருங்கும்போது பாசாவ் நகரின் முனை கப்பலின் மூக்குப் போல எதிரே தோன்றும். இடப்புறம் இன் ஆறு, வலப்புறம் கறுத்த நீருடன் இல்ஸ் ஆறு, நடுவில் டான்யூப். பாசாவில் தொடங்குவோர் இந்த மூன்றையும் முதல் மணி நேரத்திலேயே முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள்.