டீட்டூர் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: பழைய ஹாலிவுட் நுவார் படங்களை (குற்றமும் இருட்டுமான படங்கள்) வரிசையாகப் பார்த்து வருகிறேன். 1945-ல் வந்த ‘டீட்டூர்’ மட்டும் ஒட்டவில்லை. செட் மட்டம், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, கதாநாயகன் படம் முழுக்கப் புலம்புகிறான். இதைப் போய் ஏன் கிளாசிக் என்கிறார்கள்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: புலம்புகிறான் என்றீர்கள் பாருங்கள், படமே அங்கேதான் இருக்கிறது. நியூயார்க்கில் பியானோ வாசிக்கும் ஆல், காதலியைத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு லிஃப்ட் கேட்டுக் கேட்டுப் போகிறான். லிஃப்ட் கொடுத்தவன் வழியில் செத்துப்போக, போலீஸ் நம்பாது என்று பயந்து பிணத்தை மறைத்துவிட்டு அவன் பணம், கார், பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். அப்புறம் வீரா என்ற பெண்ணை ஏற்றிக்கொள்கிறான். தூங்குகிறாள் என்று நாம் நினைக்கும்போது சட்டென்று நிமிர்ந்து, பிணத்தை எங்கே போட்டாய் என்று கேட்கிறாள். செத்தவனின் காரில் ஏற்கெனவே வந்தவள்! வீராவாக நடித்த ஆன் சாவேஜின் அந்த முகத்துக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

இவ்வளவையும் நமக்குச் சொல்வது ஆல் ஒருவன்தான். லிஃப்ட் கொடுத்தவன், பின்னால் வீரா என்று இரண்டு சாவு, இரண்டும் தற்செயல், எல்லாம் விதி என்கிறான். சாட்சி? யாரும் கிடையாது. அவன் பேசுவதைக் கதையாகக் கேட்காமல், எதிரே உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கும் இன்ஸ்பெக்டர் மாதிரி கேட்டுப் பாருங்கள், அவன்மேல் இரக்கம் வருகிறதா சந்தேகம் வருகிறதா என்று.

செட் மட்டம்தான், மறுக்கவில்லை. பி.ஆர்.சி. என்ற சின்ன ஸ்டுடியோவில் காசே இல்லாமல் எடுத்த படம். நியூயார்க் தெரு போட வசதியில்லாததால் இயக்குநர் எட்கர் உல்மர் மூடுபனியை நிரப்பிவிட்டார், அதுவே காதலர்கள் பிரியப்போகும் காட்சிக்குப் பொருந்திவிட்டது. ஆறே நாளில் எடுத்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. லிஃப்ட் கேட்கும் சில ஷாட்டுகளில் பிலிமையே இடவலம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம், கார் ஓடுவது இடப்பக்கம். அமெரிக்கர்களுக்கு உடனே உறுத்தும், நமக்கு நம்மூர் ரோடு மாதிரிதான், நானே முதல் தடவை கவனிக்கவில்லை!

ஒன்று கேட்க வேண்டும், நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி? காப்புரிமை காலாவதியானதால் கீறலும் மங்கலுமாக ஏகப்பட்ட பிரதிகள் சுற்றுகின்றன. 2018-ல் சீரமைத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். மொத்தமே 68 நிமிடம்தான்.