கயாக்கில் உயிர் இரை: அந்த வலையும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம்

கேள்வி: கயாக்கில் கரையிலிருந்து கொஞ்ச தூரம் போய்த் தூண்டில் போடுகிறேன். பெரிய மீனுக்கு உயிர் இரை வேண்டும் என்று, ஒரே தூண்டில் நரம்பில் பல சிறு முட்களை வரிசையாகக் கட்டிய சபிக்கி தூண்டில் வாங்கினேன். சின்ன மீன் நன்றாகவே ஏறுகிறது. ஆனால் மேலே எடுக்கும்போது முட்கள் லைஃப் ஜாக்கெட்டிலும் காற்சட்டையிலும் மாட்டுகின்றன; போன வாரம் விரலிலும் ஏறிவிட்டது. பிடித்த மீனும் அரை மணிக்குள் செத்துப்போகிறது. தூண்டில் சாமான் விற்கும் ஒருவர், வீச்சுவலையும் பம்பு வைத்த 60 லிட்டர் தொட்டியும் சேர்த்து வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியையும் கொடுத்து வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணத்தை முதலில் திருப்பிக் கேளுங்கள். உங்களுக்குத்தான் மீன் ஏறுகிறதே! பிரச்சினை பிடிப்பதில் இல்லை, ஏறிய மீனைக் கழற்றுவதிலும் வைத்திருப்பதிலும் இருக்கிறது. வலை இந்த இரண்டையும் தீர்க்காது.

முதலில் முள் விஷயம். கடையில் வரும் சபிக்கியில் பெரும்பாலும் ஆறு முட்கள் இருக்கும். படகில் எழுந்து நின்று பிடிப்பவருக்கு அந்த நீளம் தோதாக இருக்கும். நீங்களோ தண்ணீர் மட்டத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். ராடை எவ்வளவு உயர்த்தினாலும் கீழ் முட்கள் மடியில்தான் வந்து விழும். அதனால் சபிக்கியை நடுவில் வெட்டி இரண்டாக்குங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று முள் இருக்கட்டும். மேல் நுனியில் ரீல் நரம்பு, கீழ் நுனியில் ஈயக்குண்டு. குண்டு கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். நரம்பு விறைப்பாக நின்றால் முள் அலையாது. கிளம்புவதற்கு முன் பிளையரால் ஒவ்வொரு முள்ளின் எதிர்முள்ளையும் (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) அழுத்தி மழுக்கிவிடுங்கள். இரண்டொரு மீன் நழுவும். ஆனால் பிடித்த மீன் காயமில்லாமல் கழலும், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும்.

குண்டு தரையைத் தொட்டதும் இரண்டு சுற்று மேலே சுற்றி, சும்மா பிடித்திருங்கள். ராடை ஆட்ட வேண்டியதில்லை, கயாக் அலையில் ஆடுவதே போதும். ஒரு மீன் துடித்தால் உடனே இழுக்காமல் சில நொடி பொறுத்தால் பக்கத்து முள்ளிலும் ஏறும். பிறகு, மேல் முள் ராடு நுனிக்கு அருகே வரும்வரை சுற்றி, ராடைத் தாங்கியில் செருகிவிடுங்கள். குண்டு பக்கவாட்டில் தண்ணீருக்குள்ளேயே தொங்கட்டும், அதைக் கயாக்குக்குள் கொண்டுவராதீர்கள். நரம்பு இறுக்கமாக நிற்கும், மீன்கள் உங்கள் மடிக்கு வராமல் வெளியே வரிசையாகத் தொங்கும்.

அப்புறம், மீனைக் கையால் தொடவே வேண்டாம். துணியால் பிடிப்பது அதைவிட மோசம். மீனின் மேலுள்ள வழுவழுப்புதான் அதன் தோலுக்குக் காவல். அதுவும் செதிலும் உரிந்துபோன மத்தி சற்று நேரம் நீந்துவது போலத் தெரியும், பிறகு மல்லாந்துவிடும். உங்கள் மீன் அரை மணியில் சாவதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கெட்டிக் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். அதை முள்ளின் வளைவில் மாட்டி, இன்னொரு கையால் நரம்பைக் கீழே இழுத்தால் முள் தலைகீழாகத் திரும்பும். மீன் தன் எடையிலேயே கழன்று வாளியில் விழும். இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

விரலில் முள் ஏறினால் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த முள்ளின் நரம்பை வெட்டுவது. பலர் முள்ளைப் பிடுங்கத்தான் பார்க்கிறார்கள். அதே நரம்பில் மீன் துடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த முள்ளும் ஏறும். வெட்டும் கருவி லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கம், ஒற்றைக் கையால் எடுக்கும்படி இருக்க வேண்டும். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 60 லிட்டர் தொட்டி. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. தொட்டியின் எடையைச் சேர்க்காமலே 60 கிலோவை இருக்கைக்குப் பின்னால் ஏற்றச் சொல்கிறார் அந்த மனிதர். எடையை விட ஆபத்தானது, அது நகரும் எடை. கயாக் இடது பக்கம் சாய்ந்தால் தொட்டித் தண்ணீரும் இடது பக்கம் ஓடிச் சாய்வை அதிகப்படுத்தும். இதைச் சொல்லாமல் விற்பவரை நான் வியாபாரி என்று சொல்ல மாட்டேன். இந்தச் 'செட்' வியாபாரமே இப்படித்தான். தேவையான ஒரு பொருளோடு விற்காமல் கிடக்கும் மூன்று பொருளைக் கட்டித் தள்ளிவிடுவது. நிறம் போட்ட 'ஆக்சிஜன் மாத்திரை' கூட இலவசமாகத் தருவார்கள். 'இரை மீன் எப்போதும் நிற்கும் இடம்' என்று ஜிபிஎஸ் எண்ணைக் காசுக்கு விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். இரை மீன் வெளிச்சத்தோடும் நீரோட்டத்தோடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் நின்ற இடத்தில் மதியம் நிற்காது. விடியற்காலையில் தண்ணீரின் மேல் மழைத்துளி விழுவது போன்ற சிறு சிலிர்ப்பையும், பறவைகள் தாழப் பறக்கும் இடத்தையும் பாருங்கள். அதற்கு யாருக்கும் காசு தர வேண்டியதில்லை.

உங்களுக்கு வேண்டியது 15, 20 லிட்டர் வட்ட வாளி ஒன்று, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று. சதுரத் தொட்டியின் மூலையில் மீன் முட்டி மூக்கு கிழியும், அதனால்தான் வட்டம். அதில் விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் மீன் ஐந்தாறு போதும். இருபது மீனைத் திணித்தால் இருபதும் போகும். சூட்டையும் கவனியுங்கள். 20 டிகிரி கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 6.2 தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடும். மீன் வெளிவிடும் அம்மோனியாவும் அதே தண்ணீரில்தான் சேர்கிறது, பம்பு அதை நீக்காது. எனவே பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுக் கடல்நீர் ஊற்றுங்கள். குளிர்விக்க ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸில் குளோரின் இருக்கலாம். மூடிய பாட்டிலில் உறையவைத்துப் போடுங்கள். வாளியே வேண்டாம் என்றால், துளை போட்ட குழாய் ஒன்றில் மீனை விட்டுக் கயாக்கின் பக்கத்தில் கட்டித் தண்ணீரிலேயே இழுத்துச் செல்லலாம். துடுப்பை மெதுவாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வலை கூடவே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு: மடவை. அது பாசியையும் சேற்றையும் மேய்கிற மீன், சபிக்கியை ஏறிட்டும் பார்க்காது. மடவைதான் வேண்டும் என்றால் வீச்சுவலை போடலாம், கயாக்கிலிருந்து இறங்கி நின்று. முழங்கால் ஆழத்தில் கயாக்குக்கு நங்கூரம் போட்டுவிட்டு இறங்குங்கள், கயாக்கை உங்கள் இடுப்பில் கட்டாதீர்கள். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். 'என் கயாக் அகலமானது, நின்றே வலை வீசலாம்' என்பவர்கள் உண்டு. நிற்கலாம். ஆனால் வலை வீசும்போது உடல் எடை முழுவதும் ஒரு பக்கம் சுழல்கிறது, விரிந்த வலை பாறையில் மாட்டினால் கயாக் நீரோட்டத்தில் போய்க்கொண்டே இருக்கும், வலைக்கயிற்றின் சுருக்கோ உங்கள் மணிக்கட்டில். ஆளை இழுத்துத் தண்ணீரில் போட இது போதும். அலையில்லாத குளத்தில் என்றாலும் என் பதில் மாறாது. இறங்கி நின்றுதான் வீச வேண்டும். நிற்க இடமில்லாத ஆழத்தில் மடவை தெரிந்தால், அன்றைக்கு மடவை இல்லை.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனை முள் போடலாம், எந்த அளவு வலை, எந்தக் குஞ்சு மீனை இரையாக்கக் கூடாது என்பது இடத்துக்கு இடம் மாறும். இதைத் தெரிந்துகொள்ள நான் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் பழைய படிக்கே திருப்பி அனுப்பினார்கள். தூண்டில் போடுகிறவன் கையில் வைத்துக்கொள்ள ஒரு பக்கத் தாள் போதும். அதைக்கூட எழுதித் தராமல், மீறியவனிடம் அபராதம் கேட்பது என்ன நியாயம்? ஆனாலும் போய்க் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் சொல்லும் 'அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்' என்பது பதில் இல்லை, அபராதம் அவர் பெயரில் வராது.

மிஞ்சிய உயிர் இரையை வேறொரு நீர்நிலைக்கு எடுத்துப் போகாதீர்கள். மீன் நோய் அந்தத் தண்ணீரோடு பயணம் செய்யும். 2005, 2006 வாக்கில் வட அமெரிக்காவின் பேரேரிகளில் விஎச்எஸ் என்ற வைரஸ் நோய் மீன்களைக் கொன்ற பிறகு அங்கே உயிர் இரையைக் கொண்டுபோவதற்கே கட்டுப்பாடு வந்தது. கரை திரும்புவதற்கு முன், பிடித்த இடத்திலேயே வாளியைக் கவிழ்த்து விட்டுவிடுங்கள். முன்பணம் கேட்கப் போகும்போது ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.