விலை குறைவான ஸ்னோபோர்டு பைண்டிங் உடைந்தால் கடைக்காரர் கைகழுவ முடியுமா?

கேள்வி: மியூனிக்கில் ஐடி வேலையில் இருக்கிறேன். சில வருடங்களாக விறைப்பான ஹார்டு பூட்ஸ் போட்டு ஆல்பைன் ஸ்னோபோர்டு (பனிச்சரிவில் இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டி ஓட்டுவது) ஓட்டுகிறேன். போன நவம்பரில் ஒரு ஜெர்மன் ஆன்லைன் கடையில் 259 யூரோவுக்கு, பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் புது பிளேட் பைண்டிங் ஒரு ஜோடி வாங்கினேன். இந்த மார்ச்சில், ஆஸ்திரியாவின் ஸ்டூபாய் பனியாற்றில் வேகமாகத் திரும்பும்போது பின்காலின் குதிகாலைப் பிடித்திருந்த பைண்டிங் கம்பி உடைந்து விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான்கு வாரம் மருத்துவ விடுப்பு. கடைக்காரர், "கம்பி தேயும் பாகம், அதற்கு கேரண்டி இல்லை. இந்த விலைக்கு இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். வேண்டுமானால் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். நல்லெண்ணமாக 50 யூரோ கூப்பன் தருகிறோம்" என்கிறார். உடைந்ததை அனுப்பி வைக்கவும் சொல்கிறார். அனுப்பலாமா? எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: அந்தக் கம்பியை இன்றைக்கே தபாலில் போட்டுவிடாதீர்கள். இந்த விவகாரத்தில் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சாட்சி அதுதான்.

உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில், மொபைல் கேமராவை நெருக்கி வைத்துப் படம் எடுங்கள். பல தடவை வளைந்து நிமிர்ந்து களைத்து உடைந்த எஃகில், பெரும்பாலும் ஒரு ஓரத்திலிருந்து மெல்லிய வில் வடிவக் கோடுகள் பரவியிருக்கும். அந்தப் பகுதி வழவழப்பாகத் தெரியும். கடைசியாகப் பட்டென்று அறுந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான பக்கத்தில் துரு படிந்திருந்தால், விழுந்த நாளுக்கு முன்பே விரிசல் இருந்தது என்று ஒரு நிபுணர் சொல்ல வாய்ப்பு அதிகம். அதனால் துடைக்க வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம், இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம். தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள். உடையாத இன்னொரு பைண்டிங்கையும் கழற்றி எடுத்து வையுங்கள். அதுவும் அதே தயாரிப்பு வரிசையில் வந்திருக்கலாம்.

ஒரேயடியாக அனுப்ப மறுக்கவும் முடியாது. பொருளைச் சோதித்துப் பார்க்க விற்பவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது ஜெர்மன் நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆகவே படங்களை எடுத்து முடித்த பிறகு, "சோதனைக்காக மட்டும் அனுப்புகிறேன். உடைந்த பாகங்களை வெட்டவோ அழிக்கவோ கூடாது, எனக்குத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி, அதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பும் செலவு விற்பவருடையது. ஜெர்மன் சிவில் சட்டமான பெகேபேயின் 439-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

சரி, விலை விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் சொன்னதில் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். அதிக விலை கொடுத்தால் என்ன கிடைக்கிறது? கடைந்தெடுத்த அலுமினியத் தட்டு, சாய்வையும் உயரத்தையும் நுட்பமாக மாற்றும் வசதி, குனியாமல் குதிகாலை அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் அமைப்பு, வருடங்கள் கழித்தும் கிடைக்கும் உதிரி பாகம். இவற்றுக்கு 300, 400 யூரோ கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பூட்ஸைப் பலகையோடு பிடித்திருப்பது எந்த விலையிலும் அந்தப் பொருளின் அடிப்படை வேலை. ஸ்கீ பைண்டிங் விழும்போது கழன்றுகொள்வதற்காகச் செய்யப்பட்டது. ஆல்பைன் பிளேட் பைண்டிங் கழலவே கூடாது. ஒரு கால் விடுபட்டு, இன்னொரு கால் மட்டும் பலகையில் மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் மணிக்கட்டு சொல்கிறது.

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. பெகேபே 434-ஆம் பிரிவு, ஒரு பொருளில் வாங்குபவர் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியவற்றை அடுக்கும்போது, நீடித்து உழைப்பதையும் பாதுகாப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தட்டின் விறைப்பு, எடை, பூச்சு போன்றவற்றில் "குறைந்த விலைக்குக் குறைந்த தரம்" என்ற வாதம் ஓரளவு எடுபடும். ஒரே சீசனில் கம்பி உடைவதற்கு அது பதிலாகாது.

"தேயும் பாகம்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கம்பி வளையங்களை வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு மாற்ற வேண்டும். அதற்காகத்தான் உதிரியாகவும் விற்கிறார்கள். தேய்மானம் குறைபாடு ஆகாது என்பதும் சரி. ஆனால் வாங்கிய நான்காவது மாதத்தில் உடைவதைத் தேய்மானம் என்று சொன்னால், அதைக் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், கடையில் வாங்கிய பொருளில் ஒரு வருடத்துக்குள் குறை தெரிந்தால், அது கைக்கு வந்தபோதே இருந்தது என்றே 477-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அதற்கு முன்பு இது ஆறு மாதமாக இருந்தது.

கடைக்காரர் அதை எப்படி மறுப்பார் என்றும் யோசித்து வையுங்கள். கையேட்டில் எடை வரம்பு போட்டிருக்கிறதா, நீங்கள் அதற்குள் இருக்கிறீர்களா? பூட்ஸின் அடிப்பாகம் அந்தப் பைண்டிங்குக்கு ஏற்றதா, குதிகால் விளிம்பு தேய்ந்திருந்ததா? கம்பியை நீங்களே வளைத்துச் சரிசெய்தீர்களா? இதில் எதற்காவது பதில் உங்களுக்கு எதிராக இருந்தால், கடிதம் எழுதும் முன் ஒரு வக்கீலிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு வெளியே வந்தால் வழக்கு ஆட்டம் காணும்.

கேரண்டி இல்லை என்பதைக் காதிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம். அது தயாரிப்பாளர் விருப்பப்பட்டுத் தருவது. நீங்கள் கேட்பது கெவேர்லைஸ்டுங். சட்டப்படி விற்பவருக்கு உள்ள இரண்டு வருடப் பொறுப்பு. அதைத் தயாரிப்பாளர் பக்கம் தள்ளிவிட அவருக்கு உரிமை இல்லை. பழுது பார்ப்பதா, புதிது தருவதா என்று முதலில் தேர்ந்தெடுப்பவரும் நீங்கள்தான். அந்த மாடலின் மேல் உங்களுக்கு இனி நம்பிக்கை வராது என்றால், காலைப் பிடித்திருக்க வேண்டிய கம்பியே உடைந்தது கடுமையான குறைபாடு, எனவே ஒப்பந்தத்திலிருந்து உடனே விலகுகிறேன் என்று 475டி பிரிவின் கீழ் வாதிடலாம். ஆனாலும் 14 நாள் கெடு கொடுத்து மாற்றுப் பைண்டிங் கேட்டு, அதன் பிறகு விலகுவதே பாதுகாப்பான வழி. பணத்தைத் திரும்ப வாங்கினால், ஒரு சீசன் ஓட்டியதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. புதிதாக மாற்றித் தந்தால் அப்படிக் கழிக்க முடியாது.

மணிக்கட்டுக்கு வழி வேறு. கடையிடம் நஷ்ட ஈடு கேட்டால், "உள்ளே இருந்த விரிசல் எனக்கு எப்படித் தெரியும், என் மேல் தவறில்லை" என்று அவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். தயாரிப்பாளரின் தவறை ஜெர்மன் சட்டம் விற்பவர் தலையில் கட்டுவதில்லை. இங்கே தயாரிப்பாளரைத்தான் பிடிக்க வேண்டும். பொருட்பொறுப்புச் சட்டத்தின்படி அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் காட்ட வேண்டியதில்லை. பொருளில் குறை இருந்தது, அதனால்தான் காயம் என்று காட்டினால் போதும். ஆனால் இதில் ஒரு வருட அனுமானம் உதவாது, நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. அதற்காகத்தான் முதலிலேயே கம்பியைப் பற்றி அவ்வளவு சொன்னேன். தயாரிப்பாளர் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தால், இங்கே இறக்குமதி செய்தவரைத் தயாரிப்பாளராகவே சட்டம் நடத்தும். பெட்டியிலும் பைண்டிங்கின் அடியிலும் உள்ள முகவரியைப் படம் எடுத்து வையுங்கள்.

விபத்து ஆஸ்திரியாவில் நடந்ததே என்று கவலைப்பட வேண்டாம். காயம்பட்டவர் வசிக்கும் நாட்டில் பொருள் விற்பனைக்கு வந்திருந்தால், பொதுவாக அந்த நாட்டின் சட்டமே பொருந்தும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் 2 விதி. உங்கள் விஷயத்தில் ஜெர்மன் சட்டம்.

நீங்கள் நேரடியாகக் கேட்கக்கூடியது வலிக்கான ஈடும், உங்கள் பையிலிருந்து போன செலவுகளும். சிகிச்சைச் செலவைக் கொடுத்தது அரசுக் காப்பீடான கிராங்கன்காஸே என்றால், அந்த உரிமை அவர்களுக்குப் போய்விடும். விடுப்புக் காலச் சம்பளத்தைக் கொடுத்த உங்கள் நிறுவனத்துக்கும் அப்படியே. காஸே அனுப்பும் விபத்துப் படிவத்தில் "நானே விழுந்தேன்" என்று மட்டும் எழுதிவிடாமல், பைண்டிங் உடைந்ததைக் கட்டாயம் எழுதுங்கள். அவர்களும் தயாரிப்பாளரைத் துரத்தினால், நிபுணர் அறிக்கையின் செலவு உங்கள் தலையில் மட்டும் விழாமல் போகலாம்.

செலவைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 259 யூரோவுக்காக மட்டும் வக்கீல் வைக்காதீர்கள். முதல் ஆலோசனைக்கே ஒரு நுகர்வோரிடம் 190 யூரோவும் வரியும் வரை வாங்கலாம். விலையைத் திரும்பக் கேட்கும் கடிதத்தை நீங்களே எழுதலாம், அல்லது நுகர்வோர் மையமான ஃபெர்பிரவ்ஹர்சென்ட்ராலேயை அணுகலாம். உள்ளூர் நீதிமன்றமான ஆம்ட்ஸ்கெரிஷ்ட்டில் இந்தத் தொகைக்கு வக்கீல் கட்டாயமும் இல்லை. மணிக்கட்டுக்கு மட்டும் நல்ல வக்கீல் வேண்டும். சட்டச் செலவுக் காப்பீடு இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள்.

அப்புறம் அந்தக் கூப்பன். அதோடு வரும் காகிதத்திலோ மின்னஞ்சலிலோ "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், "சரி" என்று பதிலும் அனுப்பாதீர்கள். காயத்துக்கான உரிமை, சேதமும் குறையும் பொறுப்பாளி யார் என்பதும் தெரிந்ததிலிருந்து மூன்று வருடம் உயிரோடு இருக்கும். மணிக்கட்டு முழுதாக மடங்குகிறதா என்று மருத்துவர் எழுதித் தரும் வரை எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.