போர்ப் பலகை விளையாட்டுச் சுற்றுப்போட்டிகளில் முதல்தர ஆட்டக்காரரை மற்றவரிடமிருந்து வேறாக்குவது எது?

கேள்வி கேட்டவர் இரண்டு ஆண்டுகளாக இவ்விளையாட்டுகளை ஆடிவருகிறார். விதிகளை நன்கு கற்ற பின்னரும் சுற்றுப்போட்டிகளில் அதே நான்கைந்து பேரிடமே திரும்பத் திரும்பத் தோற்பதாகவும், பகடையை நம்பிய ஆட்டத்தில் குறிப்பிட்ட சிலர் மட்டும் எப்படித் தொடர்ந்து வெல்கிறார்கள் என்று விளங்கவில்லை எனவும் எழுதியிருக்கிறார். திருகோணமலையில் கணிதம் கற்பிக்கும் நான், கனடாவிலுள்ள அண்ணா 2013இல் ஒரு பெட்டியை அனுப்பிய நாள் முதல் இவற்றை ஆடிவருகிறேன். இணையவழிச் சுற்றுப்போட்டிகளில் அந்த நான்கைந்து பேரைப் போன்றவர்களிடம் நானும் பல தடவை தோற்றிருக்கிறேன். அவர்களைக் கவனித்து நான் கண்டது ஒன்றுதான். வெற்றிக்குத் தமக்குத் தேவைப்படும் நல்ல பகடை வீச்சுகளின் எண்ணிக்கையை மற்றவரைவிடக் குறைவாக வைத்துக்கொள்பவரே முதல்தர ஆட்டக்காரர்.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். அமெரிக்கரான சார்ள்ஸ் ரொபேர்ட்ஸ் 1954இல் வெளியிட்ட 'டெக்டிக்ஸ்' என்ற பெட்டியோடு கடைகளில் விற்கப்படும் போர்ப் பலகை விளையாட்டுகளின் வரலாறு தொடங்குகிறது. அவரது அவலன் ஹில் நிறுவனம் 1961 முதல் வரைபடங்களின் மீது அறுகோணக் கட்டங்களைப் பதித்தது. அரை அங்குல மட்டைக் காய்கள் ஒவ்வொன்றிலும் அந்தப் படைப்பிரிவின் பலமும் நகர்வும் எண்களாக அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் அவற்றைத் தூண்டில் முட்கள் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் வகைபிரித்து வைத்திருக்கிறோம். கச்சான் வீசும் மாதங்களில் யன்னல்களைச் சாத்திக்கொண்டு வியர்க்க வியர்க்கத்தான் ஆடுவோம், இல்லாவிட்டால் ஒரு படையணியே விறாந்தைக்குப் பறந்துவிடும்.

பழைய ஆட்டங்களில் தாக்குபவரின் பலத்தைத் தற்காப்பவரின் பலத்தால் வகுத்து, மீதியைத் தற்காப்பவருக்குச் சாதகமாக விட்டுவிடுவார்கள். அந்த விகிதத்தையும் வீசிய பகடை எண்ணையும் ஓர் அட்டவணையில் பார்த்தே தாக்குதலின் முடிவு தெரியும். 11க்கு 4 என்றால் 2:1தான். 12க்கு 4 என்றால் 3:1. 15க்கு 4 என்றாலும் அதே 3:1தான். புதியவர் அச்சத்தில் 15ஐயும் கொண்டுவந்து குவிப்பார். அனுபவசாலி சரியாக 12ஐ நிறுத்திவிட்டு, மிஞ்சிய 3ஐப் பின்னாலுள்ள வீதிச் சந்தியில் வைப்பார். தற்காக்கும்போதும் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுவார். எதிரி தன் நகர்வெல்லைக்குள் எதைக் கொண்டுவந்தாலும் 11க்கு மேல் சேராத கட்டத்தைத் தேடி அங்கே நிற்பார். இது எண்கணிதம் மாத்திரமே என்பதால் எவரும் இரண்டு மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். சுற்றுப்போட்டிகளின் நடுத்தட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வேறுபாடு இதற்கு அப்பால்தான் இருக்கிறது, அதை நான் 2021இல் ஒரு விடிகாலையில் நேரில் கண்டேன்.

'வஸல்' என்ற இலவச மென்பொருளில் ஆடப்பட்ட சுற்றுப்போட்டி அது. எதிராளி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஒரு பொறியியலாளர். அவருக்கு இரவு 7 மணியென்றால் எனக்கு அதிகாலை 4.30. நெப்போலியன் காலத்துச் சமரொன்றை ஆடினோம். முதல் பாதியில் அவரது பெரிய தாக்குதல்கள் நான்கும் தோற்றன. ஒவ்வொன்றும் 3:1 விகிதத்தில் போடப்பட்டவை, நான்கும் விழவில்லை. கோயில் மணி கேட்கும் நேரத்தில், ஆட்டம் என் கைக்கு வந்துவிட்டதென்றே நான் நம்பிவிட்டேன். ஆனால், தோற்ற தாக்குதல்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் அவர் ஒரு பிரிவை அசைக்காமல் வைத்திருந்தார் என்பதையும், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் என் காய்கள் முன்னேறி நிற்கக்கூடிய கட்டங்கள் எல்லாம் அவரது பீரங்கிகளின் எல்லைக்குள் இருந்தன என்பதையும் நான் ஆறாம் சுற்றில்தான் கவனித்தேன். ஒன்பதாம் சுற்றில் தோற்றேன்.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் விளக்கம் கேட்டேன். அவர் தன் குறிப்புப் புத்தகத்தைக் கமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம், நடுவே கோடிட்டு இரண்டு பத்திகள்: இடப்பக்கம் 'விழுந்தால்', வலப்பக்கம் 'விழாவிட்டால்'. பாலத்தின் மீதான தாக்குதலுக்கு இடப்பக்கத்தில் ஒரே வரி இருந்தது: குதிரைப்படை ஆற்றைக் கடக்கும். வலப்பக்கத்தில் நான்கு வரிகள்: பீரங்கி அசையாது, மேற்குக் காட்டைப் பிடிக்கவேண்டும், வீதியை அடைக்கக்கூடாது, ஐந்தாம் சுற்றில் மறுபடியும். எல்லாப் பக்கங்களிலும் வலப்பத்தியே நீளமாக இருந்தது. நான் வீச்சு விழுந்ததன் பிறகு யோசிக்கத் தொடங்குபவனாக அதுவரை ஆடியிருந்தேன். அவர் வீசுவதற்கு முன்பே யோசித்து முடித்திருந்தார். அன்றிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் நானும் அவ்வாறே எழுதி வருகிறேன்.

இதன் கணக்கு மிக எளிது. ஆறு முகங்களில் நான்கில் பலிக்கும் தாக்குதல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தாக்குதல்களும் பலித்தால்தான் வெற்றி என்று திட்டமிட்டால், 27 தடவைகளில் 8 தடவைதான் அது நிறைவேறும். மூன்றில் ஏதாவது ஒன்று பலித்தாலே போதும் என்று திட்டமிட்டால், 27இல் 26 தடவை நிறைவேறும். பகடை அதே பகடை, அட்டவணை அதே அட்டவணை, வீச்சுகளும் மூன்றுதான். ஒருவரின் திட்டம் சங்கிலிபோல ஒன்றிலொன்று தொங்குகிறது. மற்றவரின் திட்டத்தில் ஒவ்வொரு வீச்சும் தனித்து நிற்கிறது. பத்துச் சுற்றுகள் ஆடி முடிக்கும்போது, பார்ப்பவர்கள் இரண்டாமவரை அதிர்ஷ்டசாலி என்கிறார்கள்.

தாக்குதல்களின் வரிசையும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான். நகர்வுகள் எல்லாம் முடிந்த பின்னரே தாக்குதல்களைத் தீர்க்கும் ஆட்டங்களில், எதை முதலில் வீசுவது என்பது ஆட்டக்காரரின் விருப்பம். பக்கத்துத் தாக்குதலில் வென்று முன்னேறிய காய், எதிரி பின்வாங்கும் வழியை அடைத்துவிட்டால், அடுத்த தாக்குதலில் வரும் 'பின்வாங்கு' என்ற சாதாரண முடிவே அந்த எதிரிக்கு அழிவாகிவிடும். ஆகவே வழியடைக்கும் சிறிய தாக்குதலை முதலில் வீசவேண்டும், மனம் பரபரக்கும் பெரிய தாக்குதலைக் கடைசிக்கு வைக்கவேண்டும். புதியவர்கள் பெரியதைத்தான் முதலில் வீசுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படியே செய்தேன்.

'அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர்' 1985இல் வந்த, இரண்டாம் உலகப்போரின் சிறு குழுச் சண்டைகளைப் பற்றிய ஆட்டம். அமெரிக்காவின் ஒஹையோவில் 1986 முதல் ஆண்டுதோறும் இதற்கென்றே ஒன்றுகூடுகிறார்கள். அதில் மனவுறுதி 7 உள்ள குழுவொன்று சோதனைக்கு உள்ளாகும்போது இரண்டு பகடைகளை வீசி 7 அல்லது அதற்குக் குறைவாகப் பெறவேண்டும். 36 விதங்களில் 21 விதம் சாதகம். வீச்சில் ஒன்றைக் குறைத்துத் தரும் தலைவரொருவர் அதே கட்டத்தில் நின்றால் அது 26 ஆகிறது. நல்ல ஆட்டக்காரர் அந்த ஐந்து விதங்களை எந்தக் கட்டத்தில் செலவழிப்பது என்பதற்கே தன் நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கிறார். அதிகம் சுடப்படும் கட்டத்தில் தலைவரை வைப்பது பலருக்கும் தோன்றும் விடை. உடைந்தால் முழு அணியும் குலைந்துவிடும் கட்டம் எது என்று அவர் தேடுகிறார். பல வேளைகளில் அது இன்னும் ஒரு குண்டும் விழாத, பின்னாலுள்ள ஒரு கட்டமாக இருக்கிறது.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது 1942ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு வீசிய விமானங்கள் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்டவை. அவற்றில் ஒன்று 'அகாகி'. துறைமுகத்திலிருந்து முன்னரே வெளியே அனுப்பப்பட்ட பிரித்தானியாவின் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கி அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த மாதத் தொடக்கத்தில், பசிபிக் கடலிலுள்ள மிட்வே தீவின் மீதான தாக்குதலை ஒத்திகை பார்ப்பதற்காக ஜப்பானிய அதிகாரிகள் 'யமாட்டோ' போர்க்கப்பலில் ஒரு போர் விளையாட்டை நடத்தினார்கள். தங்கள் கப்பல்கள் மீது ஒன்பது குண்டுகள் பட்டதாகப் பகடை காட்டியபோது, பணியாட் தொகுதிப் பிரதானி உகாகி அதை மூன்றாகக் குறைக்கச் சொன்னார் என்று அங்கிருந்த அதிகாரிகள் போருக்குப் பின் எழுதினார்கள். யூன் மாதத்தில் 'அகாகி' உட்பட நான்கு விமானந்தாங்கிகள் மிட்வேக்கு அப்பால் அழிந்தன. வலப்பத்தியை எழுத மறுத்த ஒரு மேசையாகவே அதை நான் பார்க்கிறேன். விழாத வீச்சு மேசைமீதே எச்சரிக்கையாகக் கிடைத்தும் அதை அழித்துவிட்டார்கள்.

சீட்டுகளால் நடத்தப்படும் ஆட்டங்களிலும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். 2005இல் வெளிவந்த 'ட்வைலைட் ஸ்ட்ரகிள்' பனிப்போரைப் பற்றியது. அதில் சோவியத் தரப்பு ஆட்சிக்கவிழ்ப்புக்கு முதலில் நாடும் நாடு பெரும்பாலும் ஈரான். வீசிய எண்ணோடு சீட்டின் மதிப்பைக் கூட்டி, நாட்டின் உறுதி எண்ணின் இருமடங்கைக் கழிக்கவேண்டும். ஈரானுக்கு அது 4. மதிப்பு 3 உள்ள சீட்டால் முயன்றால், 1 விழும்போது ஒன்றும் நடக்காது. மதிப்பு 4 உள்ள சீட்டால் முயன்றால், எந்த முகம் விழுந்தாலும் அங்கு தொடக்கத்தில் இருக்கும் ஒற்றை அமெரிக்கச் செல்வாக்கு நீங்கிவிடும். ஆறில் ஒரு பங்கு அபாயத்தை அகற்றுவதற்காக உயர்ந்த சீட்டைச் செலவிடுவதா, அதை வேறொன்றுக்கு வைத்துக்கொள்வதா என்பதை, சுற்றின் தொடக்கத்தில் கையிலுள்ள எட்டுச் சீட்டுகளையும் ஒழுங்குபடுத்தும்போதே முதல்தர ஆட்டக்காரர் தீர்மானித்துவிடுகிறார். எதிர்த்தரப்புச் சீட்டுகளில் எதை விண்வெளிப் போட்டிக்கு அனுப்பித் தொலைப்பது, எதை அடுத்த சுற்றுவரை கையில் வைத்திருப்பது, எந்தச் சீட்டு தன் முறையிலேயே அணு அபாய நிலையை 1க்கு இறக்கித் தன்னையே தோற்கடித்துவிடும் என்பவையும் அப்போதே முடிவாகின்றன. நடுத்தர ஆட்டக்காரர் ஒவ்வொரு சீட்டாக யோசித்து, கடைசிச் சீட்டில் அகப்பட்டுக்கொள்கிறார்.

நேரக் கட்டுப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெற்றி நிபந்தனையிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தச் சுற்றில் எந்த ஊர் கையில் இருக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டவருக்கு இடையில் நேரம் மிஞ்சும். விதிகளை மனப்பாடம் செய்வது அவசியம், ஆனால் அது நுழைவுச்சீட்டு மட்டுமே. தரப்புகள் சமமில்லாத ஆட்டங்களில் ஏலம் கூறித் தரப்பைத் தெரிவு செய்வார்கள். தனக்கு விருப்பமான தரப்புக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று முன்கூட்டியே அறிந்து வருபவர், முதல் காயை நகர்த்துமுன்னே சிறிது முன்னிலையில் இருக்கிறார்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். வீச்சு கெட்டுப்போகும்போது இவர்கள் முகம் வாடுவதில்லை. இதைச் சிலர் குணநலம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெட்ட வீச்சுக்கான வரி அவர்களின் கொப்பியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஆடப் பழகும் மாணவர்களுக்குப் பொறுமையாக இரு என்று நான் அறிவுரை சொல்வதைக் கைவிட்டு, வீசுவதற்கு முன் வலப்பத்தியை எனக்கு வாய்விட்டுச் சொல்லும்படி கேட்கிறேன். சொல்ல முடியாவிட்டால் பகடையைக் கொடுப்பதில்லை.

தம்பி, அல்லது தங்கச்சி, நீங்கள் கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் பதிவு இருந்தால் அதை எடுத்து, எந்தெந்த வீச்சுகள் விழாததால் தோற்றீர்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை வீச்சுகளை நம்பி நின்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த 2021 ஆட்டத்தை நான் இப்படி எண்ணியபோது எனக்கு 14 வந்தது, அவருக்கு 5. அந்த ஐந்தில் மூன்று விழவில்லை.