பம்ப் இழுக்காவிட்டால் முதலில் எதைப் பார்க்கிறான்?

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறா. மகனுக்கு ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. கணிதத்தில் ஏ, விஞ்ஞானத்தில் பி. ஏ.எல்., அதாவது உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவுதான் எடுக்க வேணும் என்று கனடாவில் இருக்கிற பெரியப்பா நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து ரியூசனுக்கு விடட்டாம், பாதிச் செலவு தன்னுடையதாம். மற்றப் பாதிக்கு வயலில் ஒரு துண்டை ஈடு வைக்கலாமா என்று தாய் கேட்கிறா. மகனோ பள்ளிக்கூடம் விட்டால் தோட்டக் கிணத்தடி, இல்லாவிட்டால் சந்திக் கராஜ். "கையெல்லாம் கறுத்துப்போய் வாறான் சேர், எனக்கு இரவில நித்திரை இல்லை" என்று முடித்திருக்கிறா.

அம்மா, பிள்ளை கெட்டுப்போகவில்லை, நிம்மதியாய்ப் படுங்கோ. ஆறுதல் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது பெரியப்பாவுக்குப் பிடிக்காது.

"வன்னிப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி குறைவு, மெடிசின் கிடைச்சிடும்" என்பது, அதாவது அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி எங்கள் பக்கத்துக்குக் குறைவு என்பது, ஊரில் எல்லாரும் சொல்கிற கணக்கு. பாதி உண்மை. மற்றப் பாதியை நாங்களே போட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமைப் பட்டியலுக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கியவை என்று குறித்த மாவட்டங்களுக்கு. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவில் ஒரு லட்சம் பேரும் இல்லை, நாட்டிலோ 2 கோடிக்கு மேல். அதாவது 200 பேரில் ஒருவரும் வராது. மெடிசினுக்கு 1000 இடம் என்று பேச்சுக்கு வையுங்கோ. சனத்தொகைப் பங்கு 550. அதில் உங்கள் மாவட்டத்துக்கு மூன்றும் முழுசாய் வராது. அந்த 5 வீதத்தையும் 16 மாவட்டம் பங்குபோட வேணும். வெட்டுப்புள்ளி குறைவுதான், கதிரையும் குறைவு. பெரியப்பா முதல் பாதியோடு நிறுத்திவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் இல்லை. பெறுபேறு வந்த கையோடு சந்திக்குச் சந்தி பனர் கட்டுகிறோம். மருத்துவபீடம் போன பிள்ளையின் முகம் எல்லாருக்கும் மனப்பாடம். ஏ.எல். மூன்று தரமும் எழுதிவிட்டு வீட்டோடு இருக்கிற பிள்ளைக்கு ஆர் பனர் கட்டினது? எது சட்டென்று ஞாபகம் வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று மனம் முடிவெடுத்துவிடும் என்பதை துவேர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973 இலேயே எழுதி வைத்தார்கள். எங்கள் சந்திகளைப் பார்த்திருந்தால் இன்னும் சுருக்கமாய் எழுதியிருப்பார்கள்.

இப்படிச் சட்டென்று மனம் போடுகிற கைக்கணக்கே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் மகன் நாள்முழுக்க அதில்தான் வேலை செய்கிறான், அதுவும் சரியாக. பம்ப் இழுக்காத அன்று அவன் ஒரு வாளி தண்ணி ஊற்றிப் பார்த்துவிட்டு "ஃபுட் வால்வுதான்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீங்கள். அதை நீங்கள் குறையாக எழுதினீங்கள், நான் இரண்டு தரம் வாசித்தேன். குழாயின் அடியில் தண்ணி திரும்பி இறங்காமல் மறிக்கிறதுதான் ஃபுட் வால்வு. ஊற்றின தண்ணி இறங்கினால் அதில் சருகோ மணலோ சிக்கியிருக்கும், அல்லது குழாய் மூட்டு ஒழுகும். மூட்டைக் கையால் தடவினால் அந்தச் சந்தேகமும் தீரும். தண்ணி இறங்காமல் நின்றும் இழுக்காவிட்டால் அடுத்ததாகக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்க்க வேணும். காசில்லாத சோதனை முதலில், பம்பைக் கழற்றுவது கடைசியில். அந்த வரிசையை அவனுக்கு ஆரும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கமாட்டினம்.

ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றினால் பம்பைக் கீழே இறக்கி வைக்கிறீங்கள் அல்லவா? 25 அடிக்கு மேல் இழுக்காது என்று எல்லாத் தோட்டக்காரருக்கும் தெரியும். ஏன் 25 என்று மகனைக் கேளுங்கோ. பம்ப் உண்மையில் இழுப்பதில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணியை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தாங்கக்கூடியது ஏறக்குறைய 34 அடித் தண்ணி. குழாய் உராய்வும் பம்பின் குறைகளும் மிச்சத்தைத் தின்றுவிடும். அதனால்தான் தண்ணிக்குள்ளேயே இறக்குகிற பம்புக்கு இந்த 25 அடி பொருந்தாது, அது கீழிருந்து தள்ளுகிறது. விதி தெரிந்தவன் மெக்கானிக். அது எந்த இடத்தில் பிழைக்கும் என்றும் தெரிந்தவனைத் தேடி ஊரே வரும். இந்த இரண்டாவதற்குத்தான் படிப்பு வேணும்.

ரியூசனிலும் விதி சொல்லிக்கொடுக்கிறார்கள். "இப்படிக் கேள்வி வந்தால் இந்தச் சமன்பாடு." பழைய வினாத்தாளுக்கு அது ஓடும். கேள்வி கொஞ்சம் திரும்பினால் பிள்ளை பேனையைக் கடிக்கும். ஹங்கேரியில் பிறந்த கணிதப் பேராசிரியர் ஜோர்ஜ் பொலியா 1945 இல் சொன்ன ஒழுங்கு வேறு: முதலில் கேள்வியை விளங்கு, பிறகு ஒரு வழி யோசி, செய்து பார், முடித்த பிறகு திரும்பிப் பார். உங்கள் மகன் பம்பில் முதல் மூன்றையும் செய்கிறான். நாலாவதுதான் குறை. சரிவந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான், ஏன் சரிவந்தது என்று குறித்து வைக்கமாட்டான். இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கிக் குடுங்கோ.

உயிரியல், கணிதம், வர்த்தகம், கலை பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர். நான் சொல்வது கிளிநொச்சி அறிவியல்நகரில், ஏ9 வீதியால் போகும்போது நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கக்கூடிய இடம்: இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். 2016 இல் திறந்தது. வாகனமும் விவசாய இயந்திரமும், மின், உணவு, கட்டுமானம், தகவல் தொழினுட்பம் என்று பிரிவுகள். "ஓ.எல். பெயிலானவன் போற இடம்" என்று சொந்தக்காரர் சொல்லுவினம். சொல்லட்டும்.

அங்கே கிடைப்பது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை. ஏழு படி. நாலாம் படி முடித்தவர் மேற்பார்வை இல்லாமல் வேலை செய்யக்கூடிய முழுத் தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமன், அதற்கு இரத்மலானையில் தொழினுட்பவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஏ.எல். எழுதாத பிள்ளைக்கும் பட்டம் வரை வழி திறந்திருக்கிறது என்பதை எத்தனை பெற்றோர் அறிவினம்? சோதனையும் வேறு மாதிரி. பொருளை முன்னால் வைத்துச் செய்யச் சொல்வார்கள். முடிவு "தேர்ச்சி" அல்லது "இன்னும் தேர்ச்சி இல்லை". பழுது தேடுகிற முறைகளையும் ஒழுங்காகப் பழகலாம். எட்டுத் துண்டு வயரில் எங்கேயோ ஒன்று அறுந்திருக்கிறது என்று வையுங்கோ. நுனியிலிருந்து பார்த்தால் ஏழு தடவை வரை சோதிக்க வேணும். நடுவில் பார்த்து, நல்ல பாதியைத் தள்ளி, மற்றதன் நடுவில் பார்த்தால் மூன்றே தடவை. கராஜில் இதைத் தானாகக் கண்டுபிடிக்க அவனுக்கு வருசக்கணக்கு எடுக்கும்.

ஒரு குறையையும் சொல்லவேணும். மேற்படிகளுக்குப் போகப் போக ஆங்கிலம் இல்லாமல் நகர முடியாது. பெரியப்பாவின் காசு வந்தால் அதற்கும் மின்சாரம் அளந்து பார்க்கிற ஒரு நல்ல மல்ட்டிமீற்றருக்கும் போகட்டும்.

வயல் விசயத்தில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஈடு வைக்காதேங்கோ, நகையையும் வைக்காதேங்கோ. வெளிநாட்டு டிப்ளோமா என்று நோட்டீஸ் ஒட்டுகிற தனியார் இடங்களுக்குப் போனால் முதல் கேள்வி: மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கா, பதிவு எண் என்ன? சொல்லத் தடுமாறினால் எழும்பி வாங்கோ. அரச நிறுவகத்திலும் கட்டணம், விடுதி, உதவிப்பணம் மூன்றையும் கேட்டு எழுதி எடுங்கோ.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் பெரியப்பா சொன்னது இருக்கு, மாமி சொன்னது இருக்கு, வகுப்பாசிரியர் சொன்னதும் இருக்கு. மகன் சொன்னது ஒரு வரியும் இல்லை. அவனுக்கு உயிரியலில்தான் மனம் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன், ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கட்டும், அறையெடுக்கிற கதை வேண்டாம். அதைக் கேட்காமல் விண்ணப்பம் எதையும் நிரப்பாதேங்கோ. கேட்கும்போது "என்னவாக வரப்போறாய்" என்று கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லுவான். அவன் முன்பின் தொடாத ஒரு பழுதான சாமானைக் குடுத்து, முதலில் எதைப் பார்ப்பாய், ஏன் என்று கேளுங்கோ. கண்ணைப் பாருங்கோ.

அறிவியல்நகருக்கு வார நாளில் போங்கோ, வேலைத்தளம் ஓடும்போது பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழும் பெறுபேற்றுத் தாளும் கையில் இருக்கட்டும். கேள்வியெல்லாம் அவனே கேட்கட்டும். ஏ.எல். ஆசை விடவில்லை என்றால் பிறகு தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம், அதை ஆரும் தடுக்கமாட்டினம்.